யாருடைய பிள்ளைகள் போருக்குப் போகிறார்கள்?

பிப்ரவரி 25

2003இல் இதே நாளில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செக்கி செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். வியட்நாமில் கண்ணிவெடியில் பாதத்தின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர். போர் முடிந்த பின் ஈராக்கில் நிலைகொள்ள எத்தனை வீரர்கள் வேண்டும் என்று செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். சில லட்சம் பேர் என்றார் ஷின்செக்கி. இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் அதை அடியோடு மறுத்தார். ஒரு ஆட்சியைக் கவிழ்ப்பதைவிட அமைதியை நிலைநாட்ட அதிகப் படை தேவைப்படும் என்பதை அவரால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லையாம்.

பிப்ரவரி 27

2006 டிசம்பரில் வெளியான, அமெரிக்கப் படையின் கிளர்ச்சி ஒடுக்கல் கையேட்டைப் புரட்டினேன். ஆயிரம் மக்களுக்குக் குறைந்தது 20 வீரர்கள் என்கிறது. அன்றைய ஈராக்கின் மக்கள்தொகை சுமார் 2.5 கோடி. கணக்குப் போட்டால் 5 லட்சம் பேர்! ஷின்செக்கியின் கணக்கைப் படையின் சொந்தக் கையேடே வழிமொழிகிறது. ஆனால் அத்தனை பேருக்கு எங்கே போவது? கட்டாய ராணுவச் சேவை 1973இலேயே முடிந்துவிட்டது. அதனால் போனவர்களையே மறுபடி மறுபடி அனுப்பினார்கள். 2007இல் 12 மாதப் பணிக்காலத்தையும் 15 ஆக நீட்டினார்கள். வியூகம் பற்றிய விவாதம் சூடாகத்தான் நடந்தது. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பேசியவர்கள் மிகக் குறைவு. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

மார்ச் 1

டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானத் தளத்தில் எடுத்த படங்களைப் பார்த்தேன். போரில் மாண்டவரின் உடல் வந்த, கொடி போர்த்திய பெட்டியை வெள்ளைக் கையுறை அணிந்த வீரர்கள் அடி பிசகாமல் சுமந்து வருகிறார்கள். 1991 முதல் 2009 வரை இதைப் படமெடுக்கப் பத்திரிகைகளுக்குத் தடை இருந்தது. குடும்பங்களின் துயரத்தை மதிக்கிறோம் என்றார்கள். அப்படியானால் அந்தக் குடும்பங்களையே கேட்டிருக்கலாமே? 2009இல் அதைத்தான் செய்தார்கள்.

மார்ச் 4

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ரேங்கல் கொரியப் போரில் சண்டையிட்டவர். ஈராக் போருக்கு முன்பே, 2003 ஜனவரியில், கட்டாயச் சேவையைத் திரும்பக் கொண்டுவரும் மசோதாவைத் தாக்கல் செய்தார். முடிவெடுப்பவர்களின் பிள்ளைகளும் போக நேர்ந்தால் யோசிப்பார்கள் என்பது அவர் வாதம். 2004இல் 402க்கு 2 என்று தோற்றது. அவரே எதிர்த்து வாக்களித்தார்.

இந்த வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கட்டாயச் சேவை இருந்தபோதுதானே வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள்? கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒத்திவைப்புக் கிடைத்தது. வசதியற்ற வீட்டுப் பையன்கள் போனார்கள்.

சுமையை எல்லோரும் பகிர வரிதான் நேர்மையான வழி. வியட்நாம் போர் நடந்தபோது, 1968இல், அதிபர் ஜான்சன் வருமான வரியின் மீது 10 சதவீதக் கூடுதல் வரி விதித்தார். ஈராக் போர் தொடங்கிப் பத்தே வாரத்தில் அதிபர் புஷ் வரிக்குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். போருக்குச் சம்மதம் தரும் அதே நாளில் போர் வரிக்கும் வாக்களிக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். ஆப்கானிஸ்தான் போருக்காக 2009இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஓபே இப்படி ஒரு வரியைக் கேட்டார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.