கொடுத்தனுப்பத் தகுந்த பலகாரம்

வீட்டில் நாமே உண்பதற்குச் செய்யும் பலகாரம் வேறு, நண்பர்களுக்குக் கொடுத்தனுப்புவதற்கென்று செய்யும் பலகாரம் வேறு. தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் சுழியனும் உளுந்து வடையும் தவறாமல் உண்டு என்றாலும், அவற்றை நான் எவருக்கும் கொடுத்தனுப்புவதில்லை. மதியத்துக்குள் சுழியனின் மேல்மாவு தளர்ந்துவிடும். மாலைக்குள் வடை விறைத்துவிடும். கொடுக்கும் பலகாரம் சில நாட்களாவது கெடாமல் இருக்க வேண்டும், பேருந்துக் குலுக்கலைத் தாங்க வேண்டும், எண்ணிப் பங்கிடவும் தோதாக இருக்க வேண்டும். இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் அதிரசத்துக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதிரசம் பங்கிடப்பட்டு வருவதும் நேற்று இன்று தோன்றிய வழக்கம் அன்று. திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில், பெருமாளுக்கு அமுது செய்விக்கும் பணியாரங்களுள் ஒன்றாக அதிரசப்படி குறிக்கப்படுகிறது. அவ்வாறு படைக்கப்பட்ட பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, கட்டளையை, அதாவது அந்தப் படையலுக்கான அறக்கொடையை, ஏற்படுத்தியவருக்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் சேர்ந்தது. யாருக்கு எத்தனை என்று கணக்குப் பார்த்துப் பிரிப்பதை அற்பத்தனம் என்று நினைப்பவர்கள், அந்தக் கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

செய்முறைக்கு வருகிறேன். மாவுப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். அள்ளினால் கையில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி கையில் அப்பிக்கொள்ளக் கூடாது. அந்த நிலையில் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் உலர்ந்த மாவு இதற்கு உதவாது. அதில் ஈரம் இல்லாததால் பாகை முழுவதும் உறிஞ்சிக்கொண்டு, பலகாரத்தைக் கல்லாக்கிவிடும். 1 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம் சரியாக இருக்கும். வெல்லம் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டிய பின் பாகு காய்ச்ச வேண்டும். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டால், அது கரையாமல் திரண்டு, விரலால் உருட்டும்போது இளகிய உருண்டையாக வர வேண்டும். பாகு முற்றினால் அதிரசம் கடினமாகும். பதம் போதாவிட்டால் எண்ணெயில் போட்டவுடன் பிரிந்துபோகும். பல சமையல் குறிப்புகள் நிமிடக் கணக்குச் சொல்கின்றன. வெல்லத்துக்கு வெல்லம் ஈரமும் பாகு வரும் நேரமும் மாறுவதால், கிண்ணத்து நீரைத் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய பாகில் ஏலக்காய், சுக்கு, வெள்ளை எள் ஆகியவற்றைச் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறும்போது, மாவு தளர்வாக இருக்கிறதே என்று அஞ்சி மேலும் மாவைக் கொட்டிவிடக் கூடாது, ஏனெனில் ஆறிய பின் அது தானாகவே இறுகும். மேலே நெய் தடவி மூடி, ஒரு நாளாவது வைத்திருந்து, பிறகு வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் பொரித்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெயைப் பிழிந்தெடுக்க வேண்டும். பொரித்த அன்றைக்கு விளிம்பு சற்று முறுகலாகத்தான் இருக்கும். மறுநாள்தான் மெத்தென்று ஆகும். அவசரப்பட்டு அன்றே தின்றுவிடும் எங்கள் வீட்டாரைவிட, மறுநாள் பெற்றுக்கொள்ளும் நண்பர்களுக்கே நல்ல அதிரசம் கிடைக்கிறது.

காரத்துக்குத் தேன்குழலும் தட்டையும் போதும். தேன்குழலுக்கு நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு என்பது எங்கள் வீட்டு அளவு. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், காரப் பலகாரத்துக்கு முதல் பகை காற்றின் ஈரம்தான். முறுக்கு முற்றிலும் ஆறிய பிறகே சம்படத்தில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி படிந்து, எல்லாம் நமுத்துப்போகும்.

எங்கள் தெருவில் கொடுப்பது ஒருவழிப் போக்கன்று. கிறிஸ்துமஸுக்குத் தோழி வீட்டிலிருந்து கல்கலும் அச்சு முறுக்கும் வரும். அவையும் பல நாள் தாங்கக்கூடியவை என்பதைக் கவனிக்கலாம். ரம்ஜான் பிரியாணியோ வைத்திருந்து உண்ணத் தக்கதன்று என்பதால், அது சுடச்சுடப் பக்கத்து வீடுகளுக்கு மட்டுமே நடந்து வருகிறது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதற்காக, ஒரு கரண்டிச் சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துக் கொடுப்போம். சர்க்கரை நோய் உள்ள நண்பர்களுக்கு மட்டும் இனிப்பைத் தவிர்த்து, தட்டையைக் கூடுதலாக வைக்கிறேன். எனினும் அவர்களுள் சிலர் அதிரசம் எங்கே என்று உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு.

வெளியூர் நண்பர்களுக்குக் கூரியரில் அனுப்பும்போது, எண்ணெய் ஒட்டாத தாளை இடையிடையே வைத்து அதிரசத்தை அடியில் அடுக்கி, அதன்மேல் தட்டையை வைத்து, தேன்குழலைத் தனி டப்பாவில் போட்டு, இடைவெளிகளை அரிசிப் பொரியால் நிரப்பி மூடுகிறேன். முறுக்கு நொறுங்காமல் சேர்கிறது. பொரியையும் அவர்கள் மிச்சம் வைப்பதில்லை.