பார்டெமின் கட், நம் சப்டைட்டில்

பிப்ரவரி 2

'முயெர்தே தே உன் சிக்லிஸ்தா' ('ஒரு சைக்கிள்காரனின் சாவு'), 1955. இயக்கம் ஹுவான் அன்தோனியோ பார்டெம். ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து எடுத்தது. ஆசிரியர் ஹுவானும் மணமான மரியா ஹோசேயும் கள்ளக் காதலர்கள், காரில் ஒரு சைக்கிள்காரனை இடித்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். இதற்குத் தமிழ் சப்டைட்டில் போடுகிறோம். ஓட வேண்டியது 88 நிமிடம், இந்தக் கோப்பு 84 நிமிடம் 29 நொடியில் முடிந்துவிடுகிறது. காட்சி எதுவும் விடுபடவில்லை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-இல் ஓட்டினால் இவ்வளவு சுருங்கும். 24-க்குக் குறித்த சப்டைட்டில் நேரங்கள் அத்தனையையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். மொத்தமாக முன்னுக்கு நகர்த்தினால் முதல் வசனம் பொருந்திவிடும், கடைசி வசனம் மூன்றரை நிமிடம் தாமதமாக வரும்.

பிப்ரவரி 3

முதல் வரி, கடைசி வரி. இரண்டும் பொருந்தும்வரை நடுவில் எதையும் தொடக் கூடாது.

பிப்ரவரி 6

குடிபோதையில் ராஃபா ஜன்னலை நோக்கிப் பாட்டிலை வீசுகிறான். கட். பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எறிந்த கல்லில் கண்ணாடி நொறுங்குகிறது. மிரட்டிப் பணம் பறிக்கப் பார்ப்பவனின் ஆத்திரமும் மாணவர்களின் கோபமும் ஒரே வீச்சில் மோதுகின்றன. பார்டெம் படம் முழுக்க இப்படித்தான் வெட்டுகிறார், அதில்தான் அவர் அரசியலும் இருக்கிறது. அந்த இடத்தில் பழைய வரி திரையில் தங்கினால் கண் அதைப் புது வசனம் என்று நினைத்து மறுபடி படிக்கப் போகும், கட் வீணாகிவிடும். ஷாட் மாறுவதற்கு 2 ஃபிரேம் முன்பே, அதாவது 80 மில்லிநொடி முன்பே, வரி போயிருக்க வேண்டும். நேரம் போதவில்லையா, வசனத்தைச் சுருக்கு. கட்டைத் தாண்டாதே.

பிப்ரவரி 7

மரியா ஹோசேயாக வரும் லூச்சியா போசே இத்தாலிக்காரர், ஸ்பானியக் குரல் வேறொருவருடையது. உதட்டைப் பார்த்து நேரம் குறித்தால் தப்பும். ஒலி அலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். 1950-இல் இத்தாலிய இயக்குநர் அன்தோனியோனியின் படத்திலும் இவர் காதலன் உள்ள பணக்கார மனைவிதான். அந்த முகத்தின் இறுக்கத்துக்கு வசனமே தேவையில்லை.

பிப்ரவரி 10

வகுப்பறை. மாணவி மத்தில்தே கரும்பலகையில் கணக்குப் போட்டபடி பேசுகிறாள், ஹுவான் செய்தித்தாளில் சைக்கிள்காரனின் சாவைப் படிக்கிறான். இரண்டுக்கும் வரி போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. செய்திக்கு மட்டும் போடலாம். அவன் காதிலும் கணக்கு விழவில்லை.

பிப்ரவரி 11

ஃபிளமெங்கோ காட்சி. ராஃபா காதோடு பேசுவதைக் கிதாரும் பாட்டும் விழுங்கிவிடுகின்றன. என்ன சொன்னான் என்று ஹுவானுக்கும் தெரியாது, நமக்கும் தெரியக் கூடாது. பாட்டுக்கும் வரி வேண்டாம். காலியாகவே விடு.

பிப்ரவரி 14

ஒரு வரிக்கு 40 எழுத்து என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவரவில்லை. 'மிதிவண்டி' நமக்கு 5 எழுத்து, மென்பொருளுக்கு 9, கொம்பையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. சிவப்பு எச்சரிக்கையை நம்பி நல்ல வசனத்தை வெட்ட வேண்டியதில்லை. உரக்கப் படித்து, திரையில் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

பிப்ரவரி 17

கடைசி விபத்து. கள்ள உறவு வைத்தவள் தண்டனை பெறாமல் போவதைத் அன்றைய ஸ்பானியத் தணிக்கை ஏற்றிருக்காது. ஆனால் அவளை வண்டியைத் திருப்ப வைப்பது எதிரே வரும் இன்னொரு சைக்கிள்காரன். அந்த நிமிடத்தில் ஒரு வரிகூட வராதபடி பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 18

திரையிடும் கணினியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கோப்பில் குறையில்லை, எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8தான். பிளேயரின் எழுத்து அமைப்பு 'எளிய' முறையில் இருக்கிறது, அது கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவராது. மாற்றியதும் முதலில் பாட்டில் காட்சியைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.