பிரிக்ஸ்டனில் ஒற்றை டிக்கெட்

"தனியாவா போற? கூட வர ஒருத்தர்கூடவா கெடைக்கல?"

சனிக்கிழமை ராத்திரி லண்டனில் ராக் கச்சேரி என்று ஊருக்குப் போனில் சொன்னால் முதலில் வந்து விழுவது இதுதான். என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மார்கழியில் ஒரு மாமா சபா சபாவாகத் தனியே ஏறி இறங்கினால் அவர் ரசிகர். அதையே கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு செய்தால், பிள்ளைக்கு அங்கே யாருமே இல்லை போல என்று வீட்டில் பேச்சு. சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் தெற்கு லண்டனில் உள்ள பிரிக்ஸ்டன் அகாடமி என்ற கச்சேரி அரங்கத்தின் வரிசையில் ஒற்றையாக நிற்பவர்கள் நிறையவே உண்டு. யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

ஒற்றை ஆளுக்கு முதல் லாபம் டிக்கெட்டிலேயே இருக்கிறது. ஜோடியாகத் தேடுகிறவருக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்த நாளிலும், மாடியில் இரண்டு பேருக்கு நடுவே ஓரிடம் மிஞ்சியிருக்கும். மேடை வேலைக்கென்று ஒதுக்கிய இடங்களைக் கடைசி நாள்களில் விடுவிப்பதும் உண்டு. அப்போது மறுபடி பாருங்கள். வர முடியாதவர்கள் வாங்கிய விலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்கும் ட்விக்கெட்ஸ் (Twickets) போன்ற இணையதளங்களும் உதவும். டிக்கெட்டை வீட்டிலேயே போனில் ஏற்றிவைத்துவிட வேண்டும். வாசலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒன்றாக இழுக்கும்போது சிக்னல் படுத்துவிடும். பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும் டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது. டிக்கெட் இல்லாமல் 'வாசலில் பார்த்துக்கலாம்' என்று மட்டும் கிளம்பாதீர்கள். 2022 டிசம்பரில் இதே வாசலில் நடந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில்தான் அரங்கத்தைத் திரும்பத் திறந்தார்கள்.

1929இல் சினிமாக் கொட்டகையாகத் தொடங்கிய கட்டடம் இது. அதனால் தரை மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும். நம்மவர் உயரத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை: பின்னால் நின்றாலும் டிரம்ஸ் தெரியும். உள்ளே 4,921 பேர் கொள்ளும். தனியாக வந்தவருக்கு என் சிபாரிசு, ஒலி கலக்கும் மேசைக்கு நேர் முன்னால் உள்ள கம்பி வேலி. மொத்தச் சத்தத்தையும் அங்கிருந்து கேட்டுத்தான் சரிசெய்கிறார்கள், ஆகவே அங்கே பாட்டு தெளிவாகக் கேட்கும். சாய்ந்துகொள்ளவும் முடியும். மேடையில் சிப்பந்தி ஒருவர் கிட்டாரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு அந்த மேசையை நோக்கிச் சின்ன டார்ச்சை இரண்டு மூன்று தடவை மினுக்குவார். எல்லாம் தயார் என்று அர்த்தம். அடுத்து விளக்கு அணையும்.

முட்டி மோதி ஆடும் கூட்டம் மேடைக்குச் சற்றுத் தள்ளி, நடுவில் உருவாகும். சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாவுக்கு 2009இல் ஓப்பெத் என்ற ஸ்வீடன் மெட்டல் குழு வந்தபோது திறந்தவெளி அரங்கில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். போன் விழுந்தால் குனியாதீர்கள். வெளியேற நினைத்தால் அலை தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். நேர் பின்னால் போவது நடக்காது. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தித் தூக்கிவிடுவார்கள். கழன்ற ஷூவை ஒருவர் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே நிற்பார், உரியவர் வரும்வரை.

காதுக்கு அடைப்பான் அவசியம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரி 100ஐச் சுலபமாகத் தொடும். நுரைப்பஞ்சு அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, உப்பும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்காக அடிக்கடி கழற்றுவதால்தான் பலருக்கு இது பயன்படுவதில்லை. தனியாகப் போனவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இதற்கெல்லாம் பழகிவிடலாம். பழகாத ஒன்று வயிறு. டிக்கெட்டில் ஏழு மணி என்றால் அது கதவு திறக்கும் நேரம். முதலில் துணைக் குழு, பிறகு அரை மணி மேடை மாற்றம், நாம் பார்க்க வந்தவர்கள் வர ஒன்பது ஆகிவிடும். அதுவரை உள்ளே கிடைப்பது பிளாஸ்டிக் தம்ளரில் பீர், பாக்கெட்டில் உருளை வறுவல். அவ்வளவுதான். மியூசிக் அகாடமி கேன்டீனில் கீரை வடையும் டிகிரி காப்பியும் சாப்பிடுவதற்காகவே கச்சேரிக்கு வருகிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய அநியாயம். இலை போட்டுப் பரிமாற வேண்டாம், ஒரு சுண்டல்? வெளிச் சாப்பாட்டையும் உள்ளே விடுவதில்லை. புளியோதரைப் பொட்டலம் என்ன பொருள் என்று காவலருக்கு விளக்கி முடிப்பதற்குள் துணைக் குழு இறங்கிவிடும். எனவே ஆறு மணிக்குள் எலெக்ட்ரிக் அவென்யூ என்ற பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போய், ஜமைக்காக்காரர் கடையில் சூடாக ஒரு 'பேட்டி'யோ (உள்ளே மசாலா வைத்த பஃப் மாதிரி), மசாலா தடவிச் சுட்ட ஜெர்க் சிக்கனோ சாப்பிட்டுவிடுவது நல்லது. மிளகாய்க் காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். குடிதண்ணீர் மட்டும் இலவசம். மது விற்க உரிமம் பெற்ற இடத்தில் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம்.

தண்ணீர் குடித்தால் அடுத்த சிக்கல். கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற வழக்கம் இங்கே இல்லை. கழிவறைக்குப் போனால் இடம் போச்சு. டிரம்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதிக் கூட்டம் நழுவும். தனி ஆவர்த்தனத்தில் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை முறைக்கும் மிருதங்க ரசிகர்களுக்கு அந்த நேரத்தில் சபா ஞாபகம் வராமல் இருக்காது. மங்களமும் கிடையாது. கும்பிடு போட்டு இறங்கிப் போவார்கள், ஆனால் அரங்க விளக்கு எரியாதவரை முடியவில்லை. இன்னும் இரண்டு மூன்று பாட்டுக்கு வருவார்கள்.

திரும்பும்போது ஒரு வசதி: சுரங்க ரயிலின் விக்டோரியா லைனுக்குப் பிரிக்ஸ்டன்தான் கடைசி நிலையம், ரயில் இங்கிருந்துதான் கிளம்பும், அதனால் உட்கார இடம் கிடைக்கும். நம்மவர்கள் நிறைய இருக்கும் டூட்டிங் பக்கம் போகிறவர்கள் அடுத்து வரும் ஸ்டாக்வெல்லில் நார்தர்ன் லைனுக்கு மாறலாம். வெள்ளி, சனி ராத்திரிகளில் இரண்டும் விடிய விடிய ஓடும். கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட் ஹாம்காரர்கள் பாவம். அவர்கள் போகவேண்டிய டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு அந்தச் சேவை இல்லை, கடைசி ரயிலை விட்டால் இரவுப் பேருந்துதான். குளிர்காலத்தில் கனத்த மேலங்கி வேண்டாம்; மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்கு போட்டு, கழற்றியதை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். உடுப்பறையில் கோட்டைக் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்க வரிசையில் நின்று ரயிலைக் கோட்டைவிடுவார்கள்.