ஏற்காட்டு விடுதி வெப்சைட்: கோடைக்கு முந்தைய வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

தளம் ஏற்காட்டில் நாலு அறை உள்ள ஒரு தங்கும் விடுதியுடையது. தோட்டத்துக் காபித்தூள், மிளகு விற்பனையும் உண்டு. மே மாதச் சுற்றுலாக் கூட்டத்துக்கு வேலையை இப்போதே தொடங்கினால்தான் சரி. புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்து, படித்து, வரிசையில் ஓர் இடம் கொடுக்கச் சில வாரங்கள் போகும். ஏப்ரல் கடைசியில் எழுதும் பக்கம் ஜூனில் கண்ணில் படலாம், அதற்குள் கூட்டம் மலையிறங்கிவிடும்.

முதலில் சர்ச் கன்சோல், அதாவது தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. 'டொமைன்' வகையில் பதிந்தால் தளத்தின் எல்லா முகவரி வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும். அதற்கு டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில், டி.என்.எஸ். என்ற முகவரிப் பதிவேட்டில், டி.எக்ஸ்.டி. என்ற எழுத்துக் குறிப்பு ஒன்று வேண்டும். 'ஹோஸ்ட்' கட்டத்தில் @ குறி மட்டும் போதும். அங்கே முழு டொமைன் பெயரையும் தட்டினால், பல பேனல்கள் பெயரை இரட்டித்துவிடும். சரிபார்ப்பு தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து, தளம் கட்டிய மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், அதில் ரீடிங். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் இருக்கும். தளம் கட்டும்போது போட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துபோவது சர்வசாதாரணம். எட்டு மாதமாக ஒருவரும் வரவில்லை என்று புலம்பும் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதன் தம்பி இன்னொன்று. ஒரு பக்கம் தேடலில் வரக்கூடாது என்று பக்கத்துக்குள் நோ-இண்டெக்ஸ் குறிப்பு போட்டுவிட்டு, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலிலும் அதைத் தடுப்பது. தடுத்தபின் கூகுள் உள்ளே வராது, வராததால் நோ-இண்டெக்ஸைப் படிக்காது. வேறெங்காவது லிங்க் இருந்தால் அந்த முகவரி தேடலில் தலைகாட்டும். வாசலைப் பூட்டிவிட்டு, உள்சுவரில் 'வராதே' என்று எழுதின மாதிரி. ஏதாவது ஒன்றுதான் வேண்டும், இங்கே அது நோ-இண்டெக்ஸ்.

சைட்மேப், அதாவது தளத்தின் பக்கப் பட்டியல், கூகுளுக்குக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 4

சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை மட்டுமே வைத்திருக்கும். மாதம் ஒருமுறை இறக்கி ஷீட்டில் சேமிக்க வேண்டும். மலைத்தொழிலில் போன மாதத்தோடு ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை, மே மாதத்தைப் போன மே மாதத்தோடுதான் ஒப்பிட முடியும்.

பிப்ரவரி 8, சனி

'ஏற்காடு' என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் விக்கிபீடியாவும் பெரிய பயணத் தளங்களும் உட்கார்ந்திருக்கும். நாலு அறை விடுதி அங்கே முட்டி மோத வேண்டியதில்லை.

விடுதியின் போன் விசாரணை நோட்டை எடுத்தால் தலைப்புகள் தானாக விழும். "கிளியூர் அருவில தண்ணி இருக்குங்களா?" "டெம்போ டிராவலர் மேல ஏறுங்களா?" "குப்பனூர் ரோட்டுல வரலாமா, அடிவாரம் வழியா வரலாமா?" "பாப்பாவுக்கு வளைவுல வாந்தி வரும், எங்க நிறுத்தலாம்?" அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு என்பது எல்லாத் தளத்திலும் இருக்கிறது. எந்த வளைவருகே காரை ஓரங்கட்ட இடம் உண்டு என்பதை எழுத மலையில் இருப்பவரால்தான் முடியும்.

ஒவ்வொரு கேள்வியையும் கூகுளில் மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்: தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக. தட்டும்போதே கீழே விழும் பரிந்துரைகள் மூன்றிலும் வேறுவேறாக வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு, ஒரே பொருள் தருவதை ஒரே பக்கத்தில் சேர்க்க வேண்டும். காட்டேஜ், காட்டேஜ் விலை, காட்டேஜ் வாடகை என்று மூன்று பக்கம் போட்டால் மூன்றும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 13

போட்டோ நாள். போனில் எடுத்த படம் 4,000 பிக்சல் அகலம், 4 முதல் 5 எம்.பி. அப்படியே ஆறு படத்தை முகப்பில் ஏற்றினால் 25 எம்.பி.யைத் தொடும். மலை ஏறும் வழியில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், அதை யார் காத்திருந்து பார்ப்பார்?

அகலத்தை 1,600 பிக்சலாகக் குறைத்து, வெப்-பி என்ற எடை குறைந்த பட வடிவில், தரம் 75 முதல் 80 வரை வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 150 முதல் 250 கே.பி.க்குள் அடங்கும். மூடுபனிப் படம் இன்னும் சின்னதாகும், இலைதழை நிறைந்த தோட்டப் படம் அவ்வளவு சுருங்காது. படத்தின் அகல உயரத்தைக் கோடில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து இறங்கும்போது எழுத்து கீழே குதிக்கும், போன் நம்பரைத் தட்டப்போன விரல் வேறெதையோ தட்டும்.

கூகுளின் அளவுகோல் மூன்று. பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும். பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக்கூடாது. வருகைகளில் முக்கால்வாசிக்கு இது பொருந்த வேண்டும். இரண்டாவது அளவு 2024 மார்ச்சில்தான் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. வருகை குறைந்த தளத்துக்கு நிஜ வருகையாளர் கணக்கு கிடைக்காது, கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் காட்டுவது சோதனைக்கூட எண் மட்டும். அதில் 100-க்கு 100 வாங்க மெனக்கெட வேண்டாம்.

பிளகின்கள், அதாவது வேர்ட்பிரஸ்ஸின் துணை நிரல்கள், எல்லாப் படத்துக்கும் 'லேஸி லோடு' போட்டுவிடும்: திரையில் நெருங்கும்போதுதான் படம் ஏறும். முதல் படத்துக்கு அது கூடாது, முதலில் தெரிய வேண்டியதே கடைசியில் வரும். முகப்பில் உருளும் ஸ்லைடர் இருந்தது, எடுத்தாயிற்று. இரண்டாவது படம்வரை பொறுமையாகப் பார்ப்பவர் அபூர்வம்.

பிப்ரவரி 20

தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு இன்று முழுநாளும் போனது.

காபித்தூள் பக்கத்தின் விளக்கம் பழைய நோட்டீஸிலிருந்து எடுத்து ஒட்டியது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல்தான். கூகுளுக்கு அந்தக் குவியல்தான் போகும், 'காபித்தூள்' என்று தேடுபவருக்கு இந்தப் பக்கம் வரவே வராது. சோதிக்க எளிய வழி: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் உண்மை தெரியும். தமிழாக வராவிட்டால், எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் ஓசியில் கிடைக்கின்றன, ஆனால் மாற்றிய பின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கின்றனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். படத்துக்குள் எழுதிய விலைப்பட்டியலும் இதே கதைதான், அதையும் எழுத்தாக அடித்தாயிற்று.

அடுத்தது முகவரி. பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைப்பது தவறில்லை. ஆனால் அனுப்பும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட், ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோடு மூன்று எழுத்து என்று விரியும். 'ஏற்காடு' யூனிகோடில் ஏழு குறி, முகவரியில் 63 எழுத்து. நாலு சொல் சேர்ந்தால் வாட்ஸ்அப்பில் அரைத்திரை நீளத்துக்கு ஏதோ வைரஸ் லிங்க் மாதிரி போய் நிற்கும், ஜனங்கள் தொடப் பயப்படுவார்கள். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகவும், தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழிலும் வைத்தோம்.

தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தனித்தனியாக இருக்கட்டும், ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம். இரண்டுக்கும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பு, அதாவது ஒரே பக்கத்தின் மற்ற மொழி வடிவம் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்வது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைக் காட்டினால் ஆங்கிலமும் தமிழைத் திரும்பக் காட்ட வேண்டும், ஒருவழிப் பாதையாக இருந்தால் கூகுள் கண்டுகொள்ளாது. எழுத்துருவில் சாதாரணம், தடிமன் இரண்டு மட்டும் போதும். ஒன்பது தடிமனும் ஏற்றினால் நேற்றுவரை குறைத்த எடை திரும்ப ஏறும்.

மார்ச் 1, சனி

கூகுள் மேப் பதிவு. இப்படிப்பட்ட விடுதிக்கு வெப்சைட்டைவிட இதுதான் ஆளைக் கொண்டுவரும்.

பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர்தான் இங்கேயும். 'சிறந்த ஏற்காடு பேமிலி காட்டேஜ்' என்று வால் ஒட்டுவது விதிமீறல், பதிவே முடங்கலாம். முதன்மை வகையைச் சரியாகத் தேர்வது முக்கியம். வரிசையைத் தீர்மானிப்பவை என்று கூகுள் சொல்வது மூன்று: பொருத்தம், தூரம், பெயர் பரவியிருக்கும் அளவு. தூரத்தில் நாம் செய்ய ஒன்றுமில்லை. சேலம் ஊருக்குள் ஆள் வராத ஒரு முகவரியைப் போட்டு ஏமாற்றப் பார்த்தால் இருக்கும் பதிவும் போகும்.

மலையில் மேப்பின் இடக்குறியான 'பின்' தப்பான வளைவில் விழும். தானாக விழுந்த இடம் விடுதிக்குக் கீழே இருக்கும் ரோடு. நேர்கோட்டில் பக்கம்தான், காரில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கி, கார் உள்ளே திரும்பும் கேட்டில் பின்னை வைத்தோம்.

ரிவ்யூ லிங்க்கைக் க்யூஆர் ஆக்கி வரவேற்பு மேசையில் வைக்கலாம். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று சொல்லக்கூடாது. முகம் மலர்ந்தவர்களை மட்டும் தேடிப் பிடித்துக் கேட்பதும் கூடாது. இரண்டையும் கூகுள் தடைசெய்திருக்கிறது. குறைசொன்ன ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது அது அடுத்து வரப்போகிறவர் படிக்கும் பதில் என்பது நினைவில் இருந்தால் கோபம் வராது.

மேப்பில் கொடுக்கும் வெப்சைட் லிங்க்கில் யு.டி.எம். ஒட்டு, அதாவது வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் வால், சேர்த்தாயிற்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்தால் ஒரே ஊற்று இரண்டாக எண்ணப்படும், எல்லாமே சின்ன எழுத்து.

மார்ச் 9

தலைப்பு வரிகள். கூகுள் தலைப்பை அகலம் பார்த்து வெட்டும். தமிழ் எழுத்து அகலமானது, ஆங்கிலத் தலைப்புக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கு இங்கே செல்லாது. முக்கியச் சொல் முதல் மூன்று சொற்களுக்குள் வர வேண்டும், விடுதிப் பெயர் கடைசியில். பக்கத்தின் கோடுக்குள் தேடல் சொற்களை அடுக்கும் கீவேர்டு டேக்கை நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூகுள் அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது.

மார்ச் 22, சனி

கிளியூர் அருவிப் பக்கம் இன்று போட்டாயிற்று. பல தளங்களில் ஒரே மழைக்காலப் படத்தை வருஷம் முழுக்க வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத கோடையில் அங்கே பாறைதான். அதை நேராகச் சொல்லும் பக்கமாக இது இருக்கட்டும்: பக்கத்தின் உச்சியில் அருவியைப் பார்த்த தேதி, அன்றைய படம், தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒரே வரி. கீழே இறங்கும் பாதை, படிகள், வயதானவர்களால் முடியுமா என்பதெல்லாம் அதற்கப்புறம். உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிக்கும் தந்திரம் வேண்டாம், படத்தைப் பார்த்ததும் வாசகருக்கே தெரிந்துவிடும்.

'தண்ணீர் இல்லை' என்று எழுதினால் ஆள் வராமல் போய்விடுவார்களோ என்ற தயக்கம் இயல்பு. அருவிக்காகவே வருகிறவர் எப்படியும் ஏமாந்து ரிவ்யூவில் திட்டுவார். மற்றவருக்கு அதே பக்கத்தில் இப்போது என்ன பார்க்கலாம் என்று வழி காட்டலாம். உதாரணத்துக்குக் காபிப் பூ. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை பெய்த தேதி தெரிந்தவர்தான் இதை எழுத முடியும்.

ஏப்ரல் 6

லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் வழி. '500 லிங்க், இவ்வளவு ரூபாய்' விளம்பரங்களைத் தொட வேண்டாம், கூகுள் 2012-லேயே பென்குயின் என்ற பெயரில் இதை வேட்டையாடத் தொடங்கிவிட்டது. காபித்தூள் வாங்கி விற்கும் கடை, கல்யாணப் படம் எடுக்க மலைக்கு வரும் போட்டோகிராபர், டாக்ஸிக்காரர் ஆகியோருக்குத் தளம் இருந்தால் கேட்டு வாங்கலாம். ஐந்தாறு போதும்.

வாட்ஸ்அப்பில் லிங்க் போனால் படம் தெரிய வேண்டும்: 1200-க்கு 630 பிக்சல், 300 கே.பி.க்குள். படத்தை மாற்றிய பிறகும் பழையதே வந்தால் பயப்பட வேண்டாம், அது வாட்ஸ்அப் சேமித்து வைத்த பழைய நினைவு. பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். யு.டி.எம். இல்லாமல் அனுப்பினால், வருகையை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் 'டைரக்ட்' என்று விழுந்து, எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாமல் போகும்.

ஏப்ரல் 14

மலர்க் கண்காட்சிப் பக்கத்தின் முகவரியில் வருஷம் போடக்கூடாது. போன வருஷம் போட்டிருந்தார்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் கொடுத்து, இனி ஒவ்வொரு வருஷமும் இதே பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றினால் சேர்ந்த மதிப்பு கரையாது. அரசு தேதி அறிவிக்கும்வரை 'அறிவிப்பு வரவில்லை' என்றே இருக்கட்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எண்களைப் படிக்கும் நாள். சர்ச் கன்சோலில் இடம் 8 முதல் 20 வரை நிற்கும் தேடல்களைப் பிரித்தெடுத்தோம். அவற்றுக்குத்தான் இன்னும் இரண்டு பத்தி எழுதினால் பலன் உண்டு. 60-ஆம் இடத்தில் நிற்பதற்கு இப்போது உழைப்பது வீண். தேடல் பட்டியலின் கூட்டுத்தொகை மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அபூர்வத் தேடல்களைக் கூகுள் மறைத்துவிடும்.

வருகை கூடியதாலேயே அறை நிரம்பாது. வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டியதை அனலிடிக்ஸ் வெளி லிங்க்காக எண்ணும், போன் நம்பரைத் தட்டியதைத் தானாக எண்ணாது. அதை எண்ணத் தனி ஈவென்ட் (செயல் குறிப்பு) வைத்தாயிற்று.

மதியத்துக்கு மேல் மலையில் நல்ல மழை. காலையில் கிளியூருக்கு ஆள் போய்ப் படம் எடுத்துவர வேண்டும், பக்கத்தில் இன்னும் 'தண்ணீர் இல்லை' என்றே இருக்கிறது.