ஒன்று என்று போட்ட பலகை

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஊரின் பெயர், பக்கத்தில் ஒரே ஓர் எண்: 1.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் மோனோவி கிராமத்தின் எல்லைப் பலகை அது. இந்த நாட்டில் பல ஊர்களில் மக்கள்தொகையைப் பலகையில் போட்டிருப்பார்கள். ஓட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போய்விடுவோம். இந்தப் பலகை முன்னால் நிற்பதற்காகவே அதே மாநிலத்தின் ஒமாஹா நகரத்திலிருந்து நானும் மனைவியும் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் வந்திருந்தோம். 2022 அக்டோபர், திங்கட்கிழமை, விடுமுறை நாள். வழியெல்லாம் மக்காச்சோள அறுவடை. நையோபிரேரா ஊரைத் தாண்டியதும் 12ஆம் நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கிறது. 2019 மார்ச்சில் ஸ்பென்சர் அணை உடைந்தபோது வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதுப்பாலம் அங்கே இருக்கிறது. அதற்கப்புறம் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. எதிரில் வண்டி வருவதே அபூர்வம்.

மோனோவியில் வசிப்பவர் எல்சி ஐலர். அவர் ஒருவர்தான். அந்தக் கிராமத்தின் மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர் எல்லாம் அவரே. ஊரில் இருக்கும் ஒரே கடையான மோனோவி டேவர்னை நடத்துவதும் அவரே. சாப்பாடும் பீரும் கிடைக்கும் அந்தக் கடையை அவரும் கணவர் ரூடியும் 1971இல் தொடங்கினார்கள். மதுக்கடை உரிமத்துக்கு விண்ணப்பிப்பதும் அவர்தான், ஊர் சார்பில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். ஊருக்குச் சேர வேண்டிய வரியைத் தனக்குத்தானே கட்டிக்கொள்கிறார். தெருவிளக்குகள் எரிய மாநில அரசின் நிதி வர வேண்டும் என்றால், ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். அதையும் விடாமல் அனுப்புகிறார்.

1902இல் ரயில் பாதை வந்தபோது உருவான ஊர் இது. 1930களில் 150 பேர் வரை இருந்தார்கள். மளிகைக் கடைகள், உணவகங்கள், பள்ளிக்கூடம், அஞ்சலகம், ஏன், சிறைகூட இருந்தது. பிறகு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. நாலு குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ள முடிந்தது. பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போனார்கள், திரும்பவில்லை. 1980 கணக்கெடுப்பில் 18 பேர். 2000இல் இரண்டே பேர், எல்சியும் ரூடியும். 2004இல் ரூடி இறந்தார். 2010இல் ஒன்று. மோனோவி மட்டும் இப்படி ஆகவில்லை. அது இருக்கும் பாய்டு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1910இல் 8,826 பேர் இருந்தார்கள், 2020இல் 1,810 பேர்தான்.

சரி, இனி நான் இவ்வளவு தூரம் வந்ததன் காரணம். எனக்குக் கணக்குதான் வேலை. காப்பீட்டுத் துறையில் நாள் முழுக்க சராசரிகளோடு உட்கார்ந்திருப்பவன். அமெரிக்காவில் எவ்வளவு சின்ன ஊரை எடுத்தாலும் அதற்கொரு விவரப் பட்டியல் உண்டு: எத்தனை பேர், எத்தனை வீடு, இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) என்ன, குடும்ப வருமானம் எவ்வளவு. இதே கேள்விகளை மோனோவியிடம் கேட்டுப் பாருங்கள். ஊரின் இடைநிலை வயது என்றால் எல்சியின் வயது. ஊரின் சராசரி வருமானம் என்றால் அவருடைய கல்லாப்பெட்டிக் கணக்கு. புள்ளிவிவரம் என்ற பெயரில் ஒரு மூதாட்டியின் சொந்த வாழ்க்கையை ஊருக்குப் படித்துக் காட்டுவது போல ஆகிவிடும்.

தனிநபர் விவரம் வெளியே தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் 2020 கணக்கெடுப்பில் ஒரு புதுமுறை கொண்டுவந்தார்கள். சின்னச் சின்ன இடங்களின் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வெளியிடுவது. மாநிலத்தின் மொத்தத் தொகையில் கை வைக்கவில்லை, நெப்ராஸ்காவுக்கு 19,61,504 என்பது எண்ணியபடியே வந்த எண். வீடுகளின் எண்ணிக்கையையும் மாற்றவில்லை. ஆனால் மோனோவியின் மக்கள்தொகை 2 என்று வந்துவிட்டது. அந்த இரண்டாவது ஆள் யார் என்று எல்சிக்கே தெரியாது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கணக்கெடுக்க வந்த வாத்தியார், திண்ணையில் உட்கார்ந்து ஆயாவிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வெளியூரில் வேலை பார்த்த சித்தப்பாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆயா மன்றாடினார். இல்லாத ஆளை எழுத முடியாதம்மா என்று அவர் மறுத்துவிட்டார். மோனோவியின் 2 என்ற எண்ணைப் பார்த்து முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. யோசிக்க யோசிக்க அதில் ஒரு மரியாதை தெரிந்தது. தனியாக இருக்கும் ஒருவரை மறைக்க, பக்கத்தில் நிற்க வைத்த நிழல் அது.

டேவர்ன் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை வார விடுமுறை. பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். காரிலேயே உட்கார்ந்து கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். ஒரு பிக்கப் வண்டி மெதுவாகப் போய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டி வந்த பெரியவர், வண்டி ஏதும் பழுதா என்று கேட்டார். கடை பார்க்க வந்தோம் என்றதும், நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் வேட்டைக்கு வருபவர்களும்தான் இந்தக் கடையை நிறைக்கிறார்கள். ஊரில் ஆள் இல்லாவிட்டாலும் கடைக்கு ஆள் இருக்கிறது. எல்சியின் வருமானமும் ஊரின் வருமானமும் வெளியூர்க்காரர்களின் பசியில் இருக்கிறது.

கடைக்கு அருகில் ரூடியின் நூலகம். ஏறக்குறைய 5,000 புத்தகங்கள், சிறிய ஒற்றை அறைக் கட்டடம். நூலகம் அமைக்க வேண்டும் என்பது ரூடியின் ஆசை. அவர் இறந்த பிறகுதான் குடும்பத்தார் அதைக் கட்டி முடித்தார்கள். மக்கள்தொகை ஒன்று என்று ஆன பிறகு திறந்த நூலகம் என்பதை நினைத்துக்கொண்டு அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் வீடுகள். புல்லுக்குள் நடந்து போய் ஒன்றைப் பார்த்தேன். கூரை நடுவில் உட்கார்ந்துபோய், சன்னல் சட்டத்துக்குள்ளிருந்து ஒரு மரக்கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பலகைச் சுவரில் வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. கணக்கெடுப்பில் இந்த வீட்டுக்கு இடமில்லை. ஆளில்லாத வீட்டையும் காலி வீடு என்று எண்ணுவார்கள். ஆனால் கூரையோ சுவரோ சன்னலோ போய், மழையும் வெயிலும் உள்ளே வந்துவிட்டால் அது வீடு என்ற கணக்கிலிருந்தே நீங்கிவிடும். ஊரின் பழைய தேவாலயத்தில் கடைசியாக நடந்தது 1960இல் ஓர் இறுதிச் சடங்கு. எல்சியின் தந்தைக்கு.

கிளம்ப மனம் வரவில்லை. வெயில் இறங்கும்வரை காரிலேயே இருந்தோம். ஏழு மணி தாண்டி நன்றாக இருட்டியதும், கடைப்பக்கம் ஒரு தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அதற்கப்பால் இன்னொன்று. சாலையில் ஒருவரும் இல்லை. இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.