பச்சை ரியூப்பின் பின்பக்கம்

நான் வேலை செய்கிற பாமசியில் முகம் கழுவுகிற சாமான்களுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் தட்டு முழுக்கப் பச்சைதான். வேப்பிலை, கற்றாழை, துளசி, வெள்ளரிக்காய் என்று ஒவ்வொரு ரியூப்பிலும் ஏதோ ஒன்று அச்சடித்திருக்கும். கிளிநொச்சியில் பின்னேர வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற உயர்தரப் பிள்ளைகள் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் நிற்பார்கள். பெடியன்களும் வருவார்கள், ஆனால் கடையில் வேறு சனம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். "அக்கா, எண்ணெய் வடியிற முகத்துக்கு, பரு வராமல் இருக்க, மூலிகையில நல்லதா ஒண்டு தாங்கோ." பின்னால் மருந்துத் துண்டோடு ஆட்கள் காத்து நிற்கும்போது இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பக்கத்து இலையைப் பார்த்து வாங்காதீர்கள். ரியூப்பைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். முகத்தைக் கழுவுகிற வேலையைச் செய்வது அதில் இருக்கிற நுரைப் பொருள்தான். அது எவ்வளவு மென்மையானது, எங்கள் ஊர்த் தண்ணீரோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம் எல்லாம்.

எண்ணெய்த் தோல் என்றால் அழுக்குத் தோல் என்று வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். "முகத்தை நல்லா உரஞ்சிக் கழுவு, பரு போயிடும்" என்று அம்மாமார் கடைக்குள்ளேயே பிள்ளையை ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். எனக்கு அது பார்க்கப் பொறுக்காது. பதின்ம வயதில் அண்ட்ரோஜன் ஹோர்மோன் கூடும்போது தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்த்துவாரத்தின் வாயில் இறந்த கலங்கள் சேர்ந்து அடைத்துவிட்டால் எண்ணெய் உள்ளே தேங்கும். எல்லோருடைய தோலிலும் குடியிருக்கிற ஒரு பக்ரீரியா அந்த எண்ணெயில் பெருகும். அந்த இடம் சிவந்து வீங்கிப் பருவாகும். உள்ளே நடக்கிற இந்த வேலையை மேலே உரஞ்சி நிற்பாட்ட முடியாது. வீங்கின இடம் இன்னும் புண்ணாகி, கறுத்த அடையாளம்தான் மிஞ்சும். மூக்கின் மேல் இருக்கிற கறுப்புப் புள்ளிகளும் ஊத்தை இல்லை. துவாரத்தை அடைத்திருப்பது காற்றுப் பட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். முகம் கழுவுவது பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் வன்னியில் இருக்கிற எங்களுக்கு இதுதான் பெரிய விசயம். எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் பல இடங்களில் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளையாகத் தட்டுத்தட்டாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வருவது. இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் இலேசில் நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பசையாக மாறிவிடும். குளிக்கிற வாளியின் உட்புறத்தை விரலால் வழித்துப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில், மெழுகு மாதிரி நகக்கண்ணில் ஏறும். அதே பசைதான் முகத்திலும் மெல்லிசாகப் படிகிறது. எவ்வளவு அலசினாலும் முழுசாகப் போகாது. கழுவின பிறகு கன்னம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால், "ஆ, நல்லாக் கிளீன் ஆகிட்டுது" என்று சந்தோசப்படாதீர்கள். அது தோல் வரண்டு எரிச்சலாகியிருப்பதன் அடையாளம்.

வேம்புச் சவர்க்காரம், மஞ்சள் சவர்க்காரம், சந்தனச் சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எந்த மூலிகை போட்டாலும் சவர்க்காரத்தின் குணம் மாறாது. அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் கணக்கில், நல்ல நிலையில் இருக்கிற தோலின் மேற்பரப்பு 5 அளவில், கொஞ்சம் அமிலமாக இருக்கும். சாதாரணச் சவர்க்காரம் 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். பருவால் ஏற்கெனவே புண்பட்ட தோலுக்கு இது தேவையில்லாத தண்டனை. அதனால்தான் கட்டிச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு, சவர்க்காரம் சேராத பேஸ் வோஷுக்கு மாறச் சொல்கிறேன். அதில் இருக்கிற நுரைப் பொருட்கள் கடினத் தண்ணீரிலும் அந்தப் பசையைக் கட்டுவதில்லை.

ஆனால் எல்லாப் பேஸ் வோஷும் மென்மையானதும் இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 பேரின் தோலைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சோடியம் லோரில் சல்பேற் என்ற நுரைப் பொருளைப் போட்டுக் கடினத் தண்ணீரில் கழுவினபோது, மென்மையான தண்ணீரில் கழுவினதைவிட அது தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலைக் கொடுத்தது என்று கண்டார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

சரி, பின்பக்கத்தை எப்படி வாசிப்பது? எழுத்து மிகச் சின்னது. போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், கடையில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எது கூடுதலாக இருக்கிறதோ அது பட்டியலில் முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவை கடைசிப் பக்கம் எந்த ஒழுங்கிலும் வரலாம். முதலாவது தண்ணீராக இருக்கும். அதற்கு அடுத்த மூன்று நான்கு பெயர்கள்தான் முக்கியம். அங்கே சோடியம் லோரில் சல்பேற் இருந்தால் நான் அந்த ரியூப்பைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுவேன். சோடியம் லோரெத் சல்பேற் என்பது பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் மாதிரித் தெரிந்தாலும் அதைவிடச் சாதுவானது. கொகமிடோப்ரொப்பில் பீற்றெயினும் சேர்ந்திருந்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். டிசைல் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட், சோடியம் கொகொயில் ஐசெதியனேற் என்று கண்டால் நல்லது. இவை நுரை குறைவாகத்தான் தரும். நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் பிதுக்க வேண்டாம், கடலைப் பருப்பளவு போதும். கிளிசரின் மேல்பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, எண்ணெய்த் தோலுக்கும் ஈரம் வேண்டும்.

இனி இலைக்கு வருவோம். வேம்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாள் வருத்தம் வந்தால் வாசலில் வேப்பிலை கட்டி, வேப்பிலை அவித்த தண்ணீரில் வார்க்கிற வீட்டில் பிறந்தவள் நான். வேப்பிலைச் சாறு பக்ரீரியாக்களைக் கட்டுப்படுத்தும் என்று ஆய்வுகூடங்களிலும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பேஸ் வோஷ் முகத்தில் நிற்பது ஒரு நிமிசம்கூட இல்லை, அதற்குள் கழுவிவிடுகிறோம். பல ரியூப்களில் வேம்பின் பெயர் வாசனைக்கும் பழுதாகாமல் வைத்திருக்கும் பொருளுக்கும் பக்கத்தில், கடைசியில்தான் கிடக்கிறது. இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு குறைந்த அளவு என்ன செய்யும்? மூலிகை வேலை செய்ய வேண்டுமென்றால் அது தோலில் தங்க வேண்டும். தேயிலை மர எண்ணெயை எடுங்கள். ஆவுஸ்திரேலியாவில் 1990இல் வெளியான ஆய்வில் 5 சதவீதத் தேயிலை மர எண்ணெயும் பருவுக்கு வழக்கமாகப் பூசுகிற 5 சதவீத பென்சோயில் பெரொக்சைட் மருந்தும் பருவைக் குறைத்தன. எண்ணெய் கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, பக்கவிளைவு குறைவாக இருந்தது. ஆனால் அது பூசி விடுகிற மருந்து, கழுவுகிற பேஸ் வோஷ் இல்லை.

மூலிகை என்றாலே மென்மை என்றும் நம்பவேண்டாம். வாசனை எண்ணெய்கள் சிலருக்குக் கடியையும் சிவப்பையும் கொடுக்கும். மெந்தோல் என்ற குளிர்ச்சிப் பொருளைப் போட்டுக் குளுகுளுவென்று இருப்பதற்கும் பரு குறைவதற்கும் சம்பந்தமே இல்லை. மரமஞ்சள் சேர்த்த பேஸ் வோஷ்களை இங்கே நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள். நுரைப் பொருள் சாதுவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். தெரிவு எப்போதும் அந்த ஒழுங்கில்தான்: முதலில் நுரைப் பொருள், பிறகு வாசனை குறைவா என்று பார்ப்பது, கடைசியில் உங்களுக்குப் பிடித்த இலை. காலாவதித் திகதியையும் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்து கிடந்த ரியூப்பாக இருந்தால் திகதி இருந்தாலும் எடுக்காதீர்கள். திறக்கும்போது தண்ணீர் வேறாக, பசை வேறாகப் பிரிந்து வந்தால் அது சரியில்லை.

காசு இல்லாதபோது என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து வெளிநாட்டுச் சாமான் எல்லாம் விலை ஏறினபோது இந்தக் கேள்வி நிறைய வந்தது. அப்போது நான் சொன்னது பயற்றம் மா. வயல் அறுவடை முடிந்த பிறகு பயறு போடுகிற ஊர் இது, வீட்டிலேயே இருக்கும். வறுக்காமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைத்து, மெல்லிய துணியில் அரித்தெடுங்கள். அரிப்பது முக்கியம். கையில் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுக்க வேண்டும், நறநறவென்று இருந்தால் அது பருவைக் கீறும். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் குழைத்து, முகத்தில் தடவி, உரஞ்சாமல் உடனே கழுவிவிடுங்கள். எண்ணெயை எடுக்கும், சவர்க்காரப் பசையும் படியாது. குழைத்ததை அடுத்த நாளுக்கு வைக்கக்கூடாது.

அதற்குள் தேசிக்காய் மட்டும் பிழியாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன். தேசிக்காய்ப் புளியின் பிஎச் 2 அளவு, தோலுக்கு அது எரிகிற அமிலம். அதைவிட, தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்காகும். எங்கள் வெயில் தெரியும்தானே. பற்பசை பூசுவதும் இதே மாதிரித்தான், எரிச்சலைத் தவிர ஒன்றும் வராது.

கழுவுவது காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. வேர்த்து வழிந்தால் இன்னொரு முறை. சோழகக் காற்றுக் காலத்தில் புழுதி பறக்கும்போது இடையில் வெறும் தண்ணீரால் அலம்பினால் போதும். விரல் நுனியால் மட்டும் தேயுங்கள், பிறகு துவாயால் ஒற்றி எடுங்கள். கேத்திலில் கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும் என்பதால், கொதித்தாறின தண்ணீரைத் தெளிவாக வடித்து ஒரு கோப்பை வைத்துக் கடைசியாக அலசிப் பாருங்கள். மாரியில் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது. காசு கொடுத்து வாங்குகிற, மெசினில் வடிகட்டின ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கவே இருக்கட்டும்.

நெற்றியில் மட்டும் பரு வருகிறதென்றால் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை யோசியுங்கள். வேர்வையோடு இறங்கி நெற்றியில் துவாரங்களை அடைக்கும். நாடியில் மட்டும் வந்தால் ஹெல்மெட் பட்டி. அந்தப் பட்டியை யாரும் கழுவுவதே இல்லை, ஊறவைத்துக் கழுவுங்கள்.

புதிதாக வாங்கினதை முதலில் தாடையோரம் கொஞ்ச இடத்தில் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முகம் முழுக்கத் தொடங்குங்கள். அப்புறம் ஆறு, எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். இன்று காண்கிற பரு உள்ளே தொடங்கிக் கிழமைக் கணக்காகியிருக்கும். இரண்டு கிழமையில் ரியூப்பை மாற்றி மாற்றிப் போனால் எது ஒத்துக்கொண்டது என்று ஒருநாளும் தெரியாது.

கடைசியாக ஒன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் விலாசம் இல்லாத சின்னச் சின்ன டப்பாக்களில் "ஒரு கிழமையில் பரு போகும், முகமும் வெளுக்கும்" என்று கிறீம் விற்கிறார்கள். அப்படி வேகமாகப் பருவை அமத்துகிற கிறீம்களில் பெரும்பாலும் பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் போன்ற ஸ்டெரொயிட் இருக்கும். பூசும்வரை முகம் பளபளக்கும். நிற்பாட்டினால் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். வெளுக்கச் செய்கிற சிலவற்றில் பாதரசமே இருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரக நோய்ப் பயத்தில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் பிள்ளைகள் பாதரசத்தை முகத்தில் பூசக்கூடாது.

பேஸ் வோஷால் தீராத பருவும் உண்டு. கட்டிகட்டியாக, தொட்டால் நோகிற பரு, குழி விழுகிற பரு, பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் கூடவே வருகிற பரு, இவற்றுக்கு என்னிடம் வராமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே காசு கட்டத் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட ரியூப், டப்பா எல்லாவற்றையும், பெயரில்லாத அந்தக் கிறீமையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள்.