அந்த 4 எங்கிருந்து வந்தது?

"மிஸ், அந்த 4 எங்கேருந்து வந்துச்சு?"

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம். பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி. அதில் இருக்கும் 4-ஐத்தான் கேட்டான்.

"அது உனக்கு வேண்டாம்ப்பா, நீ கிராஃபை முடி" என்றேன். தலையாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டான்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்று இப்போதும் வாதாடுவேன். கிராஃபும் ஜியாமெட்ரியும் எட்டெட்டாக 16. ஒரு மார்க் வினாக்கள் 14. ஆக 30. இன்னும் 5 தேற்றினால் 35. காலாண்டில் 19 வாங்கிய பையனுக்குக் கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் போடுகிற கணக்கு இது. பொதுத்தேர்வில் 43 எடுத்தான். அவன் அம்மா பள்ளிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவன் பாஸாகியிருக்க மாட்டான் மிஸ்" என்றார். அப்போது அவன் பின்னால்தான் நின்றிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். சமன்பாட்டை 4ஏ-ஆல் பெருக்கி, 4ஏசி-யை வலப்பக்கம் தள்ளி, இரண்டு பக்கமும் பி ஸ்கொயரைக் கூட்டினால் இடப்பக்கம் அப்படியே ஒரு முழு வர்க்கமாகிவிடும். பழங்கால இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதராச்சாரியார் காட்டிய வழி. பின்னம் எதுவும் குறுக்கே வராது. முழு வர்க்கம் தெரிந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

அதை அந்தச் சனிக்கிழமையே சிறப்பு வகுப்பில் நடத்தினேன், சென்டம் எடுக்கக்கூடியவர்களுக்கு. அவர்களுக்கும் தேர்வுக்கு இது தேவையில்லை. ஆசையில் போட்டுக் காட்டினேன். கேட்டவனும் இன்னும் மூன்று பேரும் அப்போது வராந்தாவில் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேரமில்லை என்று இதற்கு மட்டும் சொல்ல முடியவில்லை. அவனுக்குப் புரியாது என்று நினைத்தேனா? புரியாமல் குழம்பி, வருகிற 35-ம் போய்விடுமோ என்று பயந்தேனா? பயம்தான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், எனக்குக் கணக்கைத்தான் பிடித்திருக்கிறது, பிள்ளைகளை அல்ல என்று தோன்றுகிறது. அப்படி இருக்காது. அவன் 43 எடுத்தான் என்று தெரிந்த அன்று நான் அழுதிருக்கிறேன்.

தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு எல்லாம் தாண்டி அரசுப் பள்ளி வேலை கிடைத்தது. ஒன்பது வருடம் இருந்த பள்ளியை விட்டு வரும்போது, புது இடத்தில் இப்படி இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது ஒரு தாளில் அந்த நிரூபணத்தை, பதினைந்து வயதுப் பையனுக்குச் சொல்வதுபோல, மெதுவாக ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தேன்.

சேர்ந்த மூன்றாம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று தலைப்பிட்ட பட்டியல், பதினொரு பெயர்கள். "இவங்களுக்கு கிராஃபும் ஜியாமெட்ரியும் போதும் டீச்சர், எப்படியாவது பாஸ் பண்ண வெச்சிடுங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டேன்.